'1964, எல்லாம் ஒரிஜினல்' என்று விற்ற ஜாஸ் பாஸ்: பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய பாஸ் கிட்டார் ஒன்றின் விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஃபெண்டர் ஜாஸ் பாஸ், 1964, சன்பர்ஸ்ட், எல்லாம் ஒரிஜினல், இப்போதுதான் செட்டப் செய்தது. முன்பக்கப் படம் இரண்டு, சீரியல் எண் தெரிகிற மாதிரி நெக் பிளேட்டின் படம் ஒன்று. எண் 'எல்' எழுத்தில் தொடங்கியது. அந்த வரிசை 1960களின் முதல் பாதிக்கு உரியதுதான். பிளேட்டும் போலி இல்லை. அதை நம்பித்தான் வாங்கியவர் பணத்தைக் கொடுத்தார். கைக்கு வந்தபின் பிரித்துப் பார்த்தால், பிளேட்டையும் பாடியையும் தவிர மற்றதெல்லாம் கட்டுக்கதை.

நெக் பிளேட் என்பது நெக்கை (கழுத்துத் தண்டை) பாடியோடு பிடித்துவைக்கும், நான்கு திருகில் நிற்கும் ஒரு தகடு. கழற்றி வேறொரு பாஸில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். அதில் உள்ள எண் அந்தத் தகட்டின் வயதைத்தான் சொல்லும், பாஸின் வயதை அல்ல. நெக், பாடி, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச்சுருள்), வயரிங் எல்லாமே திருகில் நிற்பதுதான் ஃபெண்டரின் வசதி. ஏமாற்றுகிறவனுக்கும் அதேதான் வசதி.

முதலில் நெக். கம்பிகளைத் தளர்த்தி, முதல் ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) ஒரு கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, மாட்டிவிட்டால் கம்பிகள் சுருதி முறுக்கும் ஆணியில் இருந்து அவிழாது. பிறகு நான்கு திருகையும் கழற்றலாம். 1962 வசந்தத்துக்கு முன்பு நெக்கின் அடிக்கட்டையில் தேதியைப் பென்சிலில் எழுதினார்கள். அதற்குப் பிறகு ரப்பர் முத்திரை. முத்திரையில் முதல் எண் மாடல்: ஜாஸ் பாஸுக்கு 7, ஃபெண்டரின் இன்னொரு பாஸான பிரிசிஷனுக்கு 5. நடுவில் மாதமும் ஆண்டும். கடைசி எழுத்து, நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் பள்ளக்கட்டையான நட் இருக்கும் இடத்தின் அகலம்: 'ஏ' என்றால் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ.; 'பி' என்றால் சுமார் 41; 'சி' என்றால் 44.5. இந்த பாஸில் இருந்த முத்திரை '7 நவம்பர் 64 பி'. நட்டை வெர்னியரில் அளந்தால் 38. முத்திரை ஒன்று சொல்கிறது, மரம் வேறொன்று சொல்கிறது. அந்தக் கடைசி எழுத்து எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் யாரோ முத்திரை செய்திருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. நெக்கின் அடிமுனையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, மேப்பிள் நெக்கும் அதன்மேல் உள்ள ரோஸ்வுட் விரல் பலகையும் ஒட்டிய கோட்டைப் பாருங்கள். 1959 முதல் 1962 நடுப்பகுதி வரை ரோஸ்வுட் தடித்த பலகையாக, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், ஒட்டுக்கோடு நேர்கோடு. அதற்குப் பிறகு மெல்லிய தகடாக வளைத்து ஒட்டினார்கள். கோடு வில் மாதிரி வளையும். 1964 என்று சொன்ன இந்த நெக்கில் கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருந்தது. 1962 பாணியில் பின்னாளில் செய்த ஒரு நெக்குக்கு 64-இன் முத்திரை. இரண்டு பொய்யையும் ஒரே கட்டையில் வைத்ததில்தான் ஆள் மாட்டிக்கொண்டார்.

அடுத்து, வால்யூம், டோன் குமிழ்கள் உள்ள கன்ட்ரோல் பிளேட். மூன்று திருகு, அவ்வளவுதான். பாட்களின் (குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடைகளின்) முதுகிலோ பக்கவாட்டிலோ ஓர் எண் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் தயாரித்தவர்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம். இதில் இரண்டு பாட்களில் 1376633. அதாவது சி.டி.எஸ்., 1966, 33-ஆவது வாரம். 1964-இல் முடித்த பாஸுக்குள் 1966 ஆகஸ்ட் பாட் எப்படி வரும்? மூன்றாவது பாட்டில் குறியீடே இல்லை, புதுசு.

இங்கே ஒரு தலைகீழ்ச் சிக்கல் உண்டு. பாட் பாஸைவிடப் பழையதாக இருந்தால் பயப்பட வேண்டாம். சி.பி.எஸ். நிறுவனம் 1965-இல் ஃபெண்டரை வாங்கியபின் 1966-இல் ஏராளமான பாட்களை வாங்கிக் குவித்தது. அந்த 66 தேதி 1969 வரை வந்த பாஸ்களிலும் தென்படும். பாட் பாஸைவிடப் புதிதாக இருந்தால்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தேதியைவிட ஈயப்பற்று நம்பகமான சாட்சி. அறுபது ஆண்டு ஆன பற்று மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அதைச் சுற்றிப் பிசின் பழுப்பாகக் காய்ந்திருக்கும். வயர்கள் மெழுகுத்துணி உறை போட்டவை. பிளாஸ்டிக் உறை 1960களின் கடைசியில்தான் வந்தது. இங்கே பற்றுகள் கண்ணாடி மாதிரி மின்னின. ஒரு பாட்டின் முதுகில் பழைய பற்றின் மேலேயே புதியது ஏறியிருந்தது.

பெயின்ட். 1960களின் முதல் பாதியில் பாடியின் முகத்தில் சிறு ஆணிகளை அடித்து, அதன்மேல் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பெயின்ட் அடித்துக் காயவைத்தார்கள். பெயின்ட் முடிந்தபின் ஆணியைப் பிடுங்கினார்கள். அதனால் பிக்கார்டுக்கும் (பாடியின் முகத்தில் உள்ள காப்புத் தகட்டுக்கும்) கன்ட்ரோல் பிளேட்டுக்கும் அடியில் உள்ள ஆணித்துளைக்குள் பூச்சில்லாத வெறும் மரம் தெரிய வேண்டும். துளைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் பிற்பாடு ஒருமுறை அடித்திருக்கிறார்கள் என்று பொருள். இதில் துளைகள் பெயின்டால் அடைந்தே போயிருந்தன. புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் பழைய நைட்ரோ லேக்கர் பச்சை கலந்த மஞ்சளாக மிளிரும். இந்த பாடி கருநீலமாகச் செத்துக் கிடந்தது.

மறுபூச்சுப் பூசிய பாடியும் மாற்று நெக்கும் சேர்ந்து நல்ல பாஸ் ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வாசிக்க அருமையாக இருக்கலாம். ஆனால் மறுபூச்சு ஒன்றுக்கே சந்தையில் விலை ஏறக்குறைய பாதியாக இறங்கும். குற்றம் பாஸில் இல்லை, விலையில் இருக்கிறது.

இனி காது பிடிக்கக்கூடிய விஷயம். ஒவ்வொரு பிக்கப்பும் தனியாக நன்றாகக் கேட்டது. இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் கீழ்ஸ்தாயி காணாமல் போய், ஒலி தகரமாகிவிட்டது. கூடவே ஹம் (மின் இரைச்சல்) இரட்டிப்பானது. ஜாஸ் பாஸின் இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமுனையும் எதிராக வைக்கப்பட்டவை. இரண்டும் முழுதாகத் திறந்தால் ஹம் அடங்க வேண்டும். ஒலி நிறைய வேண்டும். இரண்டுமே தலைகீழாக நடந்தால் ஒரு பிக்கப்பை யாரோ தவறான திசையில் மறுசுற்று சுற்றியிருக்கிறார்கள்.

பிரிக்காமலேயே சோதிக்க வழி இருக்கிறது. ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஜாஸ் பாஸ் வயரிங்கில் ஒரு வால்யூம் முழுதாக, மற்றது பூஜ்யத்தில் இருந்தால் மீட்டருக்குத் தெரிவது அந்த பிக்கப்பும் இணையாக இரண்டு 250 கிலோ ஓம் பாட்களும். 7.4 கிலோ ஓம் பிக்கப் அப்போது 7.0 என்று காட்டும். டோன் பாட் கணக்கில் வராது, கப்பாசிட்டர் தடுத்துவிடும். இதில் நெக் பிக்கப் 6.9. பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்து பிக்கப் 8.6, கணக்குப் போட்டால் அசல் மதிப்பு 9.2. இயல்பாக 7-க்கும் 8-க்கும் இடையில் இருக்க வேண்டியது. 42 கேஜ் கம்பிக்குப் பதில் மெல்லிய 43-இல் அதே சுற்று எண்ணிக்கை சுற்றினால் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கும்.

மறுசுற்றுக்கு ஆன செலவு போகட்டும், திசைக் கோளாறுக்கு மருந்து எளிது. ஒரு காந்த ஊசியை இரண்டு பிக்கப்பின் மேலும் பிடியுங்கள். ஊசியின் வெவ்வேறு முனைகள் ஈர்க்கப்பட்டால் காந்தம் சரி, சுற்றுதான் தப்பு. பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் ஒலியும் ஹம்மும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். இதில் அப்படித்தான் சரியானது. இரண்டிலும் ஒரே முனை ஈர்க்கப்பட்டால் கதை வேறு: வயரை மாற்றி ஒலியை மீட்கலாம், ஹம் அடங்காது.

விற்றவர் செய்த இன்னொரு வேலை நுட்பமானது. காட்டியபோது ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுகளுக்கு மேல் கம்பிகளின் உயரம்) மிகத் தாழ்வாக, வாசிக்க வெண்ணெய் மாதிரி இருந்தது. காரணம், மெல்லிய 40-95 கம்பி போட்டு, சுருதியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்திருந்தார். ஒரு முழு ஸ்வரம் இறக்கினாலே இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 45-105 கம்பி போட்டு ஈ, ஏ, டி, ஜி என்று முறையாகச் சுருதி சேர்த்தபோது நெக்கின் வளைவு 0.9 மி.மீ. முதல் ஃப்ரெட்டில் கேப்போ, இருபதாவதில் விரல், எட்டாவதில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்தால்: இந்த வகை பாஸுக்கு 0.3 முதல் 0.4 இருந்தால் போதும். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் ஏற்கெனவே கடைசிவரை முறுக்கியிருந்தது. பார்க்கப் போகும்போது சுருதி பார்க்கும் சொந்த டியூனர் கருவி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய படங்கள்: நெக் அடிக்கட்டை, நெக் உட்காரும் பள்ளம், பாட்களின் முதுகு, பிக்கப்பின் அடிப்பாகம், பிக்கார்டு எடுத்த பாடி. "பழசு, கழற்றினால் கெட்டுவிடும்" என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் எதுவும் கெடாது. 'எல்லாம் ஒரிஜினல்' என்ற வார்த்தைக்குப் பதில், எந்தெந்தப் பாகம் என்று பட்டியலிட்டு, பொய்த்தால் திருப்பித் தருவேன் என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த வாங்கியவர் திருப்பிக் கேட்டபோது கிடைத்த பதில், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்".

இதற்குப் பிறகு பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் இரண்டாவது அடி. கேட்டது இரண்டே வேலை: ஆக்‌ஷனை இறக்க வேண்டும், வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு போக வேண்டும். திரும்பி வந்த பாஸில் டிரஸ் ராடை இறுக்கும் மரைநட்டின் சிலுவைப் பள்ளம் சிதைந்திருந்தது. ஏற்கெனவே இறுகிப்போன ராடைப் பழுது பார்த்தவர் இன்னும் முறுக்கியிருக்கிறார். முதலில் கால் சுற்றுத் தளர்த்தி, மரையில் துளி எண்ணெய் விட்டு, நெக்கைக் கிளாம்ப் போட்டு நேராக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு கால் கால் சுற்றாக இறுக்குவதுதான் முறை. கிளாம்ப் வேலையைச் செய்யும், ராட் அதைத் தாங்கிப் பிடிக்கும். அவ்வளவுதான் ராடின் பொறுப்பு.

கம்பிகள் படியும் நட்டின் பள்ளங்களை அளவுக்கு மீறி அராவியதில் திறந்த கம்பிகள் எல்லாம் முதல் ஃப்ரெட்டில் உரசின. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் நுழைகிற இடைவெளி வேண்டும். இங்கே கம்பி ஃப்ரெட்டின் மேலேயே படுத்திருந்தது. புது எலும்பு நட் செய்யாமல் வேறு வழியில்லை.

கரகரப்புக்கு அவர் கண்ட தீர்வு, மொத்த வயரிங்கையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டது. பாட்டின் முனைகளுக்கு மேலுள்ள சந்தில் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, முப்பது முறை திருப்பியிருந்தால் முடிந்த வேலை. புது வயரிங்கில் பிரிட்ஜுக்குப் போகும் எர்த்தையும் மறந்துவிட்டார். கம்பியைத் தொட்டாலும் ஹம் மாறாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்கினால் கோளாறு அங்கேதான். பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிவட்டத்துக்கும் இடையே மீட்டர் ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். இதில் இணைப்பே இல்லை.

கழற்றிய இரண்டு 66 பாட்களும் பழைய கப்பாசிட்டரும் எங்கே என்று கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். 1966-இன் சி.டி.எஸ். பாட்கள் அந்த ஆண்டுகளின் பாஸ் வைத்திருப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிற சாமான். வேலைக்குக் கொடுக்கும் சீட்டிலேயே 'கழற்றும் ஒவ்வொரு பாகமும் உறையில் திரும்ப வர வேண்டும்' என்று எழுதி, கொடுக்கும் முன் கன்ட்ரோல் பிளேட்டைத் திறந்து பாட் எண்கள் தெரிய ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.