காபன் வடிகட்டி: கறுப்புத் தாளா, சிரட்டைக் குறுணியா?

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதி, காங்கேசன்துறை வீதி ஓரம் கடையும் வீடும் வைத்திருப்பவர்கள் காற்றுச் சுத்திகரிப்பி வாங்குவது பெரும்பாலும் தூசிக்காக. தூசியை ஹெப்பா (HEPA) என்னும் நுண்ணிழைத் தாள் பார்த்துக்கொள்ளும். வாகனப் புகையோடும் மின்பிறப்பாக்கிப் புகையோடும் வருகிற நைதரசன் ஒட்சைட்டுகள் வாயுக்கள். ஹெப்பா அவற்றை மறிக்காது. பெட்டியில் போட்டிருக்கும் 99 வீதம் பெரும்பாலும் துகள்களுக்கான கணக்கு. வாயுவைப் பிடிக்கவேண்டியது காபன் வடிகட்டி. அது இரண்டு வகையாக விற்கிறது; ஒன்றுக்குத்தான் காசு கொடுக்கலாம்.

பஞ்சில் கரித்தூள் ஒட்டிய கறுப்புத் தாளை விட்டுவிடுங்கள். பொரியல் மணத்தைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்கும், அவ்வளவுதான்.

வலைச் சட்டத்துக்குள் சிரட்டைக் கரிக் குறுணி நிரப்பிய தட்டுத்தான் உருப்படியானது. நல்ல அக்டிவேட்டட் காபனில், அதாவது நுண்துளைகள் உண்டாக்கிய கரியில், ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் உட்பரப்பு இருக்கும். கடைக்காரரிடம் அயடீன் எண்ணைக் கேளுங்கள் (ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயடீனைப் பிடிக்கும் என்ற அளவு); 1000க்குக் குறைந்தால் வேண்டாம். அதைவிட முக்கியம் நிறை. மணிக்கு 200 கனமீற்றர் காற்றுத் தள்ளும் கருவியில் வடிகட்டியின் முகப்பு 0.1 சதுர மீற்றர் என்றால், 5 மில்லிமீற்றர் தாளைக் காற்று ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். அதே சட்டத்தில் ஒரு கிலோ குறுணி 2 சென்ரிமீற்றர் தடிப்பு வரும். தொடுகை நேரம் நாலு மடங்கு. விசிறியை அரை வேகத்தில் விட்டால் அது இன்னும் இரட்டிக்கும்.

ஆனால் நல்ல குறுணிக்கும் எல்லை உண்டு. நைதரசன் ஈரொட்சைட்டைக் கரி நன்றாகப் பிடிக்கும், பிடித்ததில் ஒரு பகுதியை நைத்திரிக் ஒட்சைட்டாக மாற்றித் திரும்ப வெளியே விடும். அந்த நைத்திரிக் ஒட்சைட்டு சாதாரண அறை வெப்பநிலையில் கரியில் ஒட்டுவதே அரிது. மணம் போய்விட்டதால் வாயுவும் போய்விட்டது என்று நம்பிவிட வேண்டாம். கருவியின் முன்னால் பச்சை, சிவப்பு காட்டும் விளக்கும் பெரும்பாலும் தூசியைத்தான் அளக்கிறது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஏற்றிய குறுணி கிடைத்தால் அதை எடுங்கள். ஈரொட்சைட்டை நைத்திரேற்று என்னும் உப்பாகக் கட்டிவைக்கும். காரம் என்பதால் கையுறையோடு நிரப்ப வேண்டும்.

இங்கே கரியின் முதல் எதிரி ஈரப்பதன். மாரியில் யன்னல் திறந்த அறையில் நுண்துளைகளை நீராவி அடைத்துவிடும். இரண்டாவது எதிரி, சொன்னால் கோபிப்பார்கள், சாம்பிராணி. அந்தப் புகையும் எண்ணெய்ப் புகையும் துளைகளை நிரப்பிவிட்டால் வாயுவுக்கு இடமிராது. வெயிலில் காயவைத்தால் ஈரம் கொஞ்சம் போகும், படிந்த நைத்திரேற்று போகாது. தண்ணீரில் கழுவவே வேண்டாம்.

நிரப்பும்போது குறுணியைச் சல்லடையில் அரித்துத் தூளைக் கழியுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூள் அறைக்குள்தான் வரும். சட்டத்தை நிமிர்த்திப் பிடித்துத் தட்டித் தட்டி விளிம்புவரை இறுக்க வேண்டும். நாளடைவில் குறுணி படிந்து மேலே ஒரு விரல் இடைவெளி விட்டால், காற்றில் பெரும்பகுதி அந்த வழியால்தான் போகும். கிலோக் கணக்கில் கரி இருந்தும் பயனில்லை. ஹெப்பா தாள் காபனுக்கு முன்னால் வரவேண்டும்.

மின்வெட்டுக்காகக் கடை வாசலில் ஓடும் டீசல் இயந்திரத்தின் புகைக்குழாயில் கரிப்பெட்டி பூட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். புகையின் சூட்டில் கரி தீப்பிடிக்கும், அடைப்பினால் இயந்திரம் திணறும். டீசல் புகையின் நைதரசன் ஒட்சைட்டில் பெரும்பங்கு கரிக்குப் பிடிபடாத நைத்திரிக் ஒட்சைட்டு. ஆலைகளில் அமோனியா செலுத்தி, 100 முதல் 200 பாகை செல்சியசில் காபன் படுக்கையினூடாகப் புகையை அனுப்புகிறார்கள். கடை வாசலுக்கு அது சரிவராது. காபன் மொனொட்சைட்டையும் இந்தக் கரி பிடிக்காது, அதனால் சுத்திகரிப்பி இருக்கிறதே என்று மூடிய இடத்தில் இயந்திரத்தை ஓடவிடக்கூடாது. குழாயைக் கூரைக்கு மேலே, யன்னலுக்கு எதிர்ப்பக்கமாக ஏற்றிவிடுங்கள். வடிகட்டி வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டியது அதுதான்.