தேயிலையா, ஆடையா: இலங்கைக்கு டாலர் தருவது எது?

2022 கணக்கைப் பார்த்தால் ஆடைதான் ஜெயிக்கிறது. ஆடை, ஜவுளி ஏற்றுமதி 600 கோடி டாலரை நெருங்கியது. தேயிலை சுமார் 126 கோடிதான். சரி, ஒரு சட்டையைப் பிரித்துப் பாருங்கள். துணியில் தொடங்கிப் பலதும் கப்பலில் வந்து இறங்கியவை. ஜவுளி இறக்குமதிக்கே அந்த ஆண்டு சுமார் 300 கோடி டாலர் போனது. கழித்தாலும் ஆடை முன்னேதான், ஆனால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

தேயிலை அப்படியில்லை. கொழுந்து, அதைக் கிள்ளும் கை, ஆலை எல்லாமே உள்நாட்டில். வருகிற டாலரில் பெரும்பகுதி அங்கேயே தங்கும். ஈரானுக்குத் தர வேண்டிய பழைய எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே அடைக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். சட்டை கொடுத்து எண்ணெய்க் கடன் அடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!

தேயிலைக்கும் ஒரு சிக்கல் உண்டு: உரம். 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். சுமார் 30 கோடி கிலோவாக இருந்த விளைச்சல் அடுத்த ஆண்டே 25 கோடிக்கு விழுந்தது.

வர்த்தகப் பற்றாக்குறையை, அதாவது ஏற்றுமதி வருமானத்தை மிஞ்சும் இறக்குமதிச் செலவை, மட்டும் பார்த்தால், ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும் என் ஓட்டு தேயிலைக்கே. அமெரிக்க, ஐரோப்பியக் கடைகள் ஆர்டரைக் குறைத்ததும் 2023இல் ஆடை ஏற்றுமதி சரிந்தது. தேயிலை வருமானம் கொஞ்சம் கூடியது.