முதல் ஆப்பிரிக்க வேட்டைக்கு ரைபிள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

நமீபியாவில் ஓர் ஓரிக்ஸ் (நீண்ட கொம்புள்ள பெரிய இரலை), வயிற்றில் குண்டு பாய்ந்த நிலையில் ஏழு மணி நேரம் முட்காட்டுக்குள் நடந்தது. சுட்டவன் நான். அந்தப் பழியை யார் தலையிலும் போட மாட்டேன். ஆனால் அன்று என் கையில் இருந்த ரைபிளும் தோட்டாக்களும் பொய் சொல்லி என் தலையில் கட்டப்பட்டவை. அதே பொய்யை இன்று வேறொருவர் அதே கடையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். பதினோரு வருடமாக வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறேன். (நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துவிட்டது. இங்கே உரிமம் எடுத்து, அதற்குரிய பருவத்தில் மட்டும் செய்கிறோம்.) இத்தனை வருடமும் ஒரே ரைபிள்தான், ஒரு பழைய .30-06 (அது சுடும் தோட்டா வகையின் பெயர்). இருட்டிலும் அதன் பூட்டு எங்கே இருக்கிறது என்று என் கட்டைவிரலுக்குத் தெரியும். நமீபியப் பயணம் முடிவானதும், ஓரிக்ஸ், கூடூ, சிவப்பு ஹார்ட்பீஸ்ட் என்ற மூன்று இரலைகளுக்கும் முன்பணம் கட்டினேன். அங்குள்ள வேட்டை வழிகாட்டியிடமிருந்து மறுநாளே மின்னஞ்சல் வந்தது: "உங்களுக்கு நன்றாகப் பழகிய ரைபிளையே கொண்டு வாருங்கள்."

அந்த ஒரு வரியோடு நான் நின்றிருக்க வேண்டும். தோட்டா வாங்கலாம் என்று ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தேன். ஆப்பிரிக்கா என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததுமே விற்பனையாளர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். தாம் ஆறு முறை அங்கே போய் வந்தவர் என்றார். .30-06 என்றதும் தலையை ஆட்டினார். "அங்கே சட்டப்படி .375தான் குறைந்த அளவு. அதற்குக் கீழே எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். அங்குள்ள விலங்குகள் நம் ஊர் மான் மாதிரி இல்லை, குண்டை வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்."

ஒரு மணி நேரத்தில் ஒரு .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் ரைபிள், அதன் மேல் குறிபார்க்க ஒரு ஸ்கோப் (தொலைநோக்கி), குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் துளைக்குழாய், கடையின் பின்னறையில் அவரே நிரப்பியதாகச் சொன்ன 60 தோட்டாக்கள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். மொத்தம் 4,300 டாலர்.

அவர் சொன்ன பொய்யின் சூட்சுமம் அதில் பாதி உண்மை இருப்பதுதான். .375 என்பது ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் குறைந்தபட்ச அளவு என்பது சரி. ஆனால் யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குத்தான் அது. இரலைகளுக்கு அல்ல. நமீபியாவின் விதியோ குண்டின் ஆற்றலைப் பார்க்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய இரலைகளுக்கு 1,350 ஜூல், ஓரிக்ஸ், கூடூ, ஹார்ட்பீஸ்ட், ஈலாண்ட் போன்றவற்றுக்கு 2,700 ஜூல், காட்டெருமை, யானைக்கு 5,400 ஜூல். 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு போட்ட சாதாரண .30-06 தோட்டா குழல் முனையில் ஏறக்குறைய 3,900 ஜூல் தருகிறது. 1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த இந்தத் தோட்டா, நான் சுடப்போன மூன்று விலங்குகளுக்கும் சட்டம் கேட்பதைவிடத் தாராளமாகவே கொடுக்கும். இதை நான் வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்துகொண்டிருப்பேன். ஆறு முறை போய் வந்தவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். .375 நல்ல தோட்டா. 1912இலிருந்து ஆப்பிரிக்காவில் உழைத்துக்கொண்டிருக்கிறது. காட்டெருமைக்குப் போகிறவர் அதை வாங்கி, ஒரு வருடம் பழகிக்கொண்டு போகட்டும். ஆனால் அதன் உதைப்பைத் தோள் தாங்க வேண்டுமானால் ரைபிளுக்கு எடை வேண்டும். எனக்கு விற்றது மூன்றேகால் கிலோ மட்டுமே உள்ள இலகு ரகம். "மலையேற வசதி" என்றார். நான் போனது மலைக்கல்ல.

சுடுகளத்தில் நான்காவது தோட்டாவிலேயே ஸ்கோப்பின் விளிம்பு வலப்புருவத்தைக் கிழித்தது. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி அந்த வகையில் ஏழரை சென்டிமீட்டர்தான். இத்தனை உதைக்கும் ரைபிளுக்குப் பத்து சென்டிமீட்டராவது வேண்டும். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுட்டேன். அன்றிலிருந்துதான் விசையை இழுக்கும்போது என் கண் தானாக மூடத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியவில்லை. பழகுவதற்கு ஆலைத் தோட்டாக்கள் வாங்கிக்கொண்டேன். பின்னறைத் தோட்டாக்களைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விலை உயர்ந்தவை, வீணாக்காதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு தோட்டாவுக்கு ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு வேறு தோட்டாவோடு காட்டுக்குள் போகக்கூடாது என்பது வேட்டையின் அரிச்சுவடி. ஒரே ரைபிளில் இரண்டும் வேறு வேறு இடத்தில் படும். மானுக்குப் போகும்போது இதை ஒருநாளும் மறந்ததில்லை. இவ்வளவு விலை கொடுத்த பொருள் சரியாகத்தான் இருக்கும் என்ற மயக்கத்தில் இந்த முறை மறந்தேன்.

ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தேன். ஒட்ஜிவரோங்கோவுக்கு அப்பால் ஒரு பண்ணை. காலையில் கைவிரல் விறைக்கும் குளிர், பத்து மணிக்கு மேல் வெயில். விமான நிலையத்தில் காவலர் ரைபிளின் எண்ணைச் சரிபார்த்துப் படிவத்தில் முத்திரை குத்தினார். எந்த அளவு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வரிசையில் முன்னால் நின்றவரிடம் இருந்தது ஒரு .308.

அன்று மாலை பண்ணையில் ஒரு அட்டையில் சுடச் சொன்னார் வழிகாட்டி. எல்லா விருந்தினரையும் முதலில் இப்படிச் சுட வைப்பது அங்கே வழக்கம். மேசையில் மணல் மூட்டை மேல் வைத்து மூன்று சுட்டேன். குறியிலிருந்து ஒரு கையகலம் கீழே, இடப்பக்கம். ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்தோம். துளைக்குழாயின் சத்தம் தாங்காமல் தடம் பார்ப்பவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். அந்தக் குழாய் உதைப்பைக் குறைப்பது உண்மை. ஆனால் வெடிப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. காட்டில் உங்கள் பக்கவாட்டில் நிற்பவர்கள் வழிகாட்டியும் தடம் பார்ப்பவரும்தான், வருடம் முழுவதும்.

மறுநாள் காலை ஒன்பது மணி. நூற்றுப் பத்து மீட்டரில் ஓரிக்ஸ், பக்கவாட்டில் நின்றது. முக்காலிக் கம்புகளில் ரைபிளை வைத்தேன். "முன்னங்காலோடு மேலே போங்கள், உடம்பில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்" என்று காதருகே சொன்னார் வழிகாட்டி. விசையை இழுத்தேன். ஓரிக்ஸ் முதுகை வளைத்துக் குனிந்தது. வயிற்றில் பட்டால்தான் அப்படி வளையும். அடுத்த தோட்டாவை ஏற்றப் போல்ட்டை (கூட்டை வெளியேற்றும் கைப்பிடித் தண்டு) தூக்கினேன், அசையவில்லை. உள்ளங்கையால் அடித்தேன், அசையவில்லை. வழிகாட்டி தன் ரைபிளைத் தோளில் ஏற்றுவதற்குள் ஓரிக்ஸ் புதருக்குள் போய்விட்டது.

வெற்றுத் தோட்டாக்கூட்டை வெளியே எடுக்க போல்ட்டை மரத்துண்டால் தட்ட வேண்டியிருந்தது. பித்தளை உப்பி, ரைபிளின் தோட்டா அறைச்சுவரோடு இறுகிப் போயிருந்தது. அளவுக்கு மீறிய வெடிமருந்து. ஊருக்குத் திரும்பியதும் ஒரு துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் கொடுத்து ஐந்து தோட்டாக்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்திலும் மருந்து ஐந்து விதம். மூன்றில் கையேடு அனுமதிக்கும் உச்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த ரைபிள் என் முகத்தருகே வெடித்திருக்கலாம்.

தடம் பார்ப்பவர் அன்று செய்ததை நான் மறக்க மாட்டேன். கல்லும் மணலும் மாறி மாறி வரும் தரையில், உலர்ந்த புல்லில் மிளகளவு ரத்தத்தை விரல் நுனியால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனார். ரத்தம் நின்றதும் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டார். நான்கு மணிக்கு ஓர் ஒட்டக முள்மரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது, தலையைத் தாழ்த்தி, கொம்பை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு. காயம்பட்ட ஓரிக்ஸ் அந்தக் கொம்பால் நாயையும் ஆளையும் குத்திவிடும். வழிகாட்டிதான் முடித்து வைத்தார். வயிற்றில் கறையும், காலெல்லாம் ஈயுமாக அது கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

காயப்படுத்திய விலங்குக்கும் முழுக் கட்டணம் உண்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அது நியாயமான விதி, மறுப்பில்லை.

இரவு வழிகாட்டி ஒரு காரியம் செய்தார். ரைபிளைத் திருப்பிக்கொண்டு எனக்குத் தெரியாமல் தோட்டா அறையைக் காலியாக விட்டு என்னிடம் கொடுத்தார். குறிபார்த்து இழுத்தேன். "டிக்" என்ற சத்தம் மட்டும். ஆனால் குழல் முனை ஒரு விரற்கடை கீழே அமிழ்ந்தது. உதைப்பே இல்லாமல் உதைப்புக்குப் பயந்திருக்கிறேன். என் வயிற்றுக்குண்டுக்குக் காரணம் அதுதான். அவர் எதுவும் பேசாமல் பண்ணையின் சொந்த .30-06ஐ எடுத்து வந்தார். பாதி மெருகு போன மரக்கட்டை, 180 கிரெயின் குண்டு. மூன்றாம் நாள் நூற்று நாற்பது மீட்டரில் கூடூ ஆண். ஒரே தோட்டா, முப்பது அடி ஓடி விழுந்தது. ஐந்தாம் நாள் ஹார்ட்பீஸ்ட்டும் அப்படியே.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். ரைபிள் பயன்படுத்தியதாகிவிட்டது, 1,400 டாலர் தருகிறேன் என்றார். தோட்டாக்களைப் பற்றிக் கேட்டதும் தோட்டாவே விற்கவில்லை என்று சாதித்தார். ரசீதில் அவை "உதிரிப்பொருள்" என்று மட்டும் இருந்தன. தோட்டா நிரப்பி விற்பதற்கு அமெரிக்காவில் தனியாகக் கூட்டரசு உரிமம் வேண்டும். புகார் கொடுத்திருக்கிறேன். அதனால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

இனி போகிறவர்களுக்கு. எந்த ரைபிள் என்ற கேள்வியை உங்கள் பக்கத்தில் நிற்கப் போகிறவரிடம் கேளுங்கள், விற்கிறவரிடம் கேட்காதீர்கள். இரலைகளுக்கு .308, .30-06, 7 மி.மீ. வகைகள், .300 வின்செஸ்டர் மேக்னம் எல்லாமே போதும். நமீபியப் பண்ணை வீடுகளில் இன்றும் 9.3×62ஐப் பார்க்கலாம். 1905இல் பெர்லின் துப்பாக்கிச் சிற்பி ஓட்டோ போக் ஆப்பிரிக்காவில் குடியேறியவர்களை நினைத்து உருவாக்கியது அது. தேடிப்பிடித்துப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

அளவைவிடக் குண்டின் கட்டுமானத்துக்குச் செலவு செய்யுங்கள். முழுத் தாமிரக் குண்டோ, ஈயமும் உறையும் பிரியாமல் பிணைத்த குண்டோ வாங்குங்கள். மெல்லிய உறைக் குண்டு கூடூவின் தோள் எலும்பில் சிதறிவிடும். ஆலைத் தோட்டாவையே வாங்குங்கள், காட்டுக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவில் ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். விமானத்தில் தோட்டா ஐந்து கிலோ வரைதான், ரைபிளோடு சேர்க்காமல் தனிப் பூட்டுப் பெட்டியில். தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவத்தை நிரப்பி எடுத்துப் போங்கள், கையெழுத்தை மட்டும் அங்குள்ள காவலர் முன்னால் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்கள் சுங்கத்துறையின் 4457 படிவத்தில் முத்திரை வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

குறி வைக்கும் இடம் பற்றி ஒன்று. வெண்வால் மானுக்குத் தோளுக்குப் பின்னால் சுட்டுப் பழகியவர்கள் அதை மறக்க வேண்டும். ஆப்பிரிக்க இரலைகளின் இதயமும் நுரையீரலும் தாழ்வாக, முன்னால், தோள்களுக்கு நடுவில் இருக்கின்றன. நம் பழக்கப்படி சுட்டால் குண்டு பின்தள்ளிப் போகும்.

எனக்கு அடுத்த மே மாதத்துக்கு அதே பண்ணையில் இடம் கிடைத்திருக்கிறது. .375ஐ அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். மீதித் தோட்டாக்களைப் பிரித்து அழித்துவிடும்படி பழுதுநீக்குநரிடம் கொடுத்துவிட்டேன். பழைய .30-06ஐ ஒவ்வொரு சனிக்கிழமையும் சுடுகளத்துக்குக் கொண்டுபோகிறேன். இருபது தோட்டா, எல்லாம் முக்காலிக் கம்பில், நின்றபடி. இடையிடையே எப்போது என்று எனக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவர் தோட்டா அறையைக் காலியாக விட்டுக் கொடுக்கிறார். சென்ற வாரம் குழல் முனை அசையவில்லை.