டிரேஸ் பட்டனுக்கு முன்னால்தான் வேலை: போட்டோவை வெக்டார் ஓவியமாக்கும் அனுபவம்

வேலூரில் ஒரு டிசைன் கடைக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு முகம்தான். காதுகுத்து பேனர், மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆட்டோவின் பின்கண்ணாடி ஸ்டிக்கர், கல்லூரிப் பிள்ளைகளின் டி-ஷர்ட், எல்லாவற்றிலும் ஒரு முகம் வேண்டும். அதை நாலைந்து கலரில், கோடு சுத்தமாக, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஓவியமாகக் கேட்கிறார்கள். புள்ளிகளால் அல்லாமல் கோடும் வடிவமுமாகச் சேமிக்கும் இதுதான் வெக்டார் ஓவியம்; போட்டோவைப் பார்த்து மென்பொருளே அந்த வடிவங்களை வரைவதுதான் டிரேஸ். இந்த ஒரு வேலைக்கு ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, ஜிம்ப், இன்க்ஸ்கேப் ஐந்தையும் நாங்கள் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஃபோட்டோஷாப்பும் ஜிம்ப்பும் படத்தைத் தயார் செய்ய, மற்ற மூன்றும் டிரேஸ் போட. ஒரே படத்தைக் கொடுத்தால் அந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில்தான் முடிகின்றன. படத்தை எப்படித் தயார் செய்து டிரேஸுக்குள் அனுப்புகிறோம் என்பதில்தான் ஓவியம் நிற்பதும் விழுவதும்.

முதலில் போட்டோ. முகம் மட்டும் குறுக்கே 800 பிக்சலாவது இருக்க வேண்டும். 1,200 இருந்தால் நிம்மதி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தே வேலை செய்கிறது. சுருக்கம் அதிகமானால் கன்னத்திலும் நெற்றியிலும் அந்தக் கட்டங்கள் தெரியும். டிரேஸ் அதையும் உருவம் என்று நினைத்து வெட்டி வைக்கும். அதைவிட முக்கியம் வெளிச்சம். ஃபிளாஷ் நேராக அடித்த முகத்தில் நிழலே இருக்காது. வெக்டார் ஓவியம் என்பது நிழலின் வடிவம்தான்: மூக்கின் ஒரு பக்கம், கன்னத்துக்குக் கீழே, தாடைக்குக் கீழே விழும் நிழல். ஜன்னல் ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த சாதாரண செல்போன் படம், ஸ்டுடியோவில் பளிச்சென்று எடுத்த படத்தைவிட நன்றாக வரும்.

அடுத்து கறுப்பு வெள்ளை. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கலர் போட்டோவை அப்படியே போஸ்டரைஸ் (நிறங்களைச் சில படிகளாகக் குறைப்பது) போட்டு லெவல் 4 என்று வைத்தால் வருவது 4 கலர் அல்ல. படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அடுக்கும், அதாவது சேனலும், தனித்தனியாக நாலாகப் பிரியும். ஆக 64 கலர் வரை வர இடமுண்டு. நம் மாநிறத் தோலில் அது பச்சைத் திட்டும் ஊதாத் திட்டுமாகத் தெரியும். ஆகவே முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, அப்புறம்தான் பிரிக்க வேண்டும்.

எந்தச் சேனலில் இருந்து கறுப்பு வெள்ளை எடுப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். சிவப்பு சேனலில் தோல் வழவழப்பாக வரும், பரு, கருந்திட்டு எல்லாம் மங்கிவிடும். ஆனால் குங்குமப் பொட்டும் உதடும் கூடவே காணாமல் போகும், ஏனென்றால் சிவப்புப் பொருள் அந்தச் சேனலில் வெளிறித்தான் தெரியும். பச்சை சேனலில் உதடு, பொட்டு, கண் இமை எல்லாம் தெளிவாக இருக்கும், தோலின் குறையும் சேர்ந்து இருக்கும். நீலத்தில் இரைச்சல் அதிகம், அதைத் தொடுவதில்லை. நாங்கள் பெரும்பாலும் சிவப்பு 60, பச்சை 40 என்ற விகிதத்தில் கலக்கிறோம். ஜிம்ப்பில் மோனோ மிக்சர், ஃபோட்டோஷாப்பில் சேனல் மிக்சரில் மோனோக்ரோம். பொட்டைக் கடைசியில் கையால் வரைந்துவிடலாம்.

பிறகு ஓரம் கெடாமல் மழுப்ப வேண்டும். ஜிம்ப்பில் செலக்டிவ் காஸியன் பிளர், ஆரம் 8 முதல் 10, மேக்ஸ் டெல்டா 0.15. ஃபோட்டோஷாப்பில் சர்ஃபேஸ் பிளர், ஆரம் 10, திரெஷோல்ட் 15 முதல் 20. 1,500 பிக்சல் அகலப் படத்துக்கு இந்த அளவு. படம் பெரிதானால் ஆரமும் கூடும். சாதாரண காஸியன் பிளர் போட்டால் கண்ணும் மூக்கும் சேர்ந்து கரைந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் படத்தைச் சில நிறத் திட்டுகளாகக் குறைக்கும் கட்அவுட் ஃபில்டரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் படம் சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்கள்) மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மோடில் ஃபில்டர் கேலரி திறக்காது.

நிழலைப் பிரிக்க நாங்கள் கடைசியில் நிலைத்தது ஒரு எளிய வழியில். போஸ்டரைஸ் முழு வெளிச்ச வரம்பையும் சம பங்காகத்தான் பிரிக்கும். மாநிற முகமோ பெரும்பாலும் கீழ்ப்பாதியிலேயே அடங்கிவிடும், அதனால் நாலில் இரண்டு பங்கு வீண். இன்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட் + ஆல்ட் + பி அழுத்தி டிரேஸ் பிட்மேப்பைத் திறந்து, ஒற்றை ஸ்கேனில் பிரைட்னஸ் கட்ஆஃப் எடுத்துக்கொண்டு, ஒரே படத்தை மூன்று தடவை டிரேஸ் போடுங்கள்: முதலில் 0.55, அடுத்து 0.40, கடைசியில் 0.25 (0 முழுக் கறுப்பு, 1 முழு வெள்ளை). இதற்குள் ஓடுவது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ்; அதற்குக் கறுப்பு வெள்ளை தவிர வேறு தெரியாது. எந்த வெளிச்சத்துக்குக் கீழே இருப்பது கறுப்பு என்பதை நாம்தான் சொல்கிறோம். அதனால்தான் இந்த முறையில் முகம் நம் கைக்குள் இருக்கிறது. 0.55 பெரிய வடிவம், அது அடியில். அதன் மேல் 0.40. உச்சியில் 0.25: முடி, புருவம், விழி, மூக்குத்துளை, வாயின் நடுக்கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் முகத்தின் வெளிக்கோட்டைப் பென் டூலால் வரைந்து வெளிர் நிறம் நிரப்புங்கள். இந்த எண்கள் படத்துக்குப் படம் மாறும், 0.03 கூட்டினாலே கன்னத்து நிழல் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத இடத்தில் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் ஸ்பெக்கிள்ஸ் 20 முதல் 40 வைத்தால் பொடித் திட்டுகள் விழுந்துவிடும். ஸ்மூத் கார்னர்ஸ் 1.00 இருக்கட்டும், ஆப்டிமைஸ் 0.2ல் இருந்து 1 வரை ஏற்றலாம். டிரேஸ் முடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். வெக்டார் அந்தப் போட்டோவின் மேலேயே சரியாக உட்கார்ந்திருக்கும், இழுத்து நகர்த்தினால் தெரியும்.

கலர் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 'ஸ்கின் டோன்' கலர் தொகுப்புகளில் பல வெளிர்த் தோலுக்குச் செய்தவை. அதை நம் முகத்தில் போட்டால், "அண்ணா, இன்னா இது, எங்கப்பா மாதிரியே இல்லியே" என்ற பேச்சைக் கேட்க வேண்டிவரும், அது நியாயமும்கூட. கறுத்த முகத்தை வெளுப்பாக்குவது அழகு சேர்ப்பது ஆகாது, ஆளையே மாற்றுவதாகும். மாநிறத்துக்கு நாங்கள் தொடங்கும் இடம் இது: வெளிச்சம் 204, 146, 104, நடு நிறம் 160, 100, 68, நிழல் 112, 64, 44, ஆழ்ந்த நிழல் 58, 30, 24. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் படியுங்கள். கறுத்த தோலுக்கு முதல் மூன்றையும் ஒரு படி இறக்கலாம். நிழலுக்குச் சுத்தக் கறுப்பு கூடாது, முகம் கரி பூசியது போலாகிவிடும்.

இனி கையால் செய்ய வேண்டியது. டிரேஸ் எதைப் போட்டாலும் கண்ணை அது சரியாகச் செய்ததில்லை. அந்த இடத்தை அழித்துவிட்டுப் பென் டூலால் வரைவதே குறுக்குவழி. வெள்ளை விழிக்கு வெள்ளை நிறம் போடாதீர்கள், இளம் சாம்பல் கலந்த பழுப்பு போதும். மேல் இமையின் நிழல் விழி மேல் ஒரு பட்டையாக விழ வேண்டும். கருவிழியின் மேல் விளிம்பு இமைக்குள் மறைந்திருக்க வேண்டும். முழு வட்டம் தெரிந்தால் ஆள் திடுக்கிட்டது போல் இருப்பார். ஒளிப்புள்ளி ஒரு கண்ணுக்கு ஒன்று, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம். பல்லைத் தனித்தனியாகக் கோடு போட்டுப் பிரித்தால் சிரிப்பு பயமுறுத்தும், மொத்தமும் ஒரே வடிவமாக விடுங்கள். மீசையின் கீழ் விளிம்பில் மட்டும் நாலைந்து கூர் முனைகள் போதும். விபூதிப் பட்டை மழுப்பலில் பாதி அழிந்திருக்கும், மூன்று கோடாகப் புதிதாகப் போட வேண்டும்.

மல்லிகைப் பூ, பட்டுச் சேலை ஜரிகை இரண்டையும் டிரேஸுக்கு விடவே கூடாது. தலையில் ஒரு முழம் பூ இருந்தால் நூற்றுக்கணக்கான துண்டுகள் வந்து குவியும், எதுவும் பூ மாதிரி இருக்காது. ஒரே ஒரு மொட்டை 6 நோடில் (கோட்டை வளைக்கும் புள்ளிகள்) வரைந்து, இன்க்ஸ்கேப்பில் ஆல்ட் + டி அழுத்தி குளோன் (மூலத்தோடு இணைந்த நகல்) எடுத்து, சற்றுத் திருப்பித் திருப்பி அடுக்குங்கள். மூல மொட்டின் நிறத்தை மாற்றினால் எல்லாம் மாறும். ஆரணிப் பட்டின் கரைக்கும் அதே கதைதான்: ஒரு கட்ட அளவு டிசைனை வரைந்து, பேட்டர்ன் அலாங் பாத் கொண்டு மடிப்பின் வளைவில் ஓட விட்டால் சேலை சேலையாக இருக்கும்.

நோடு எண்ணிக்கையைக் கண்காணியுங்கள். நோடு டூலை எடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தால் கீழ்ப்பட்டையில் எண்ணிக்கை தெரியும். மார்பளவு முகம் ஒன்று 600, 800 நோடுக்குள் முடியும். 5,000ஐத் தாண்டினால் தயாரிப்பில் எங்கோ மழுப்பல் போதவில்லை. கன்ட்ரோல் + எல் சிம்ப்ளிஃபை செய்யும், ஆனால் அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் அதன் வலு கூடும், மூக்கு நுனி கொழகொழவென்று ஆகிவிடும். ஒரு தடவை அழுத்தி, நிறுத்தி, பார்த்து, அப்புறம் அடுத்தது.

கட்டடங்களுக்கு வேறு கணக்கு. வேலூர்க் கோட்டை மதிலை அகழியோடு சேர்த்துக் கேட்பவர்கள் நிறைய. கருங்கல் மதிலை ஆட்டோ டிரேஸ் போட்டால் கல்லின் ஒவ்வொரு பொருக்கும் ஒரு திட்டாகும், நேர்க்கோடு எல்லாம் நெளியும். முதலில் பெர்ஸ்பெக்டிவ் சரிசெய்து செங்குத்துக் கோடுகளை நிமிர்த்துங்கள். செல்போனை அண்ணாந்து பிடித்து எடுத்ததில் அவை உள்நோக்கிச் சாயும். மதில் மேலுள்ள ஒரு கொத்தளப் பல்லை வரைந்து நகல் எடுங்கள். கல் அடுக்குக்குப் பத்துக்கு ஒரு கல்லை மட்டும் நிறம் மாற்றினால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். நீரில் விழும் பிம்பம் மதிலையே தலைகீழாகப் புரட்டியது. இரண்டு மூன்று கிடைக்கோடுகளால் வெட்டிவிட்டால் அசையும் தண்ணீர் ஆகிவிடும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களுக்கு மட்டும் டிரேஸ் உதவும். பக்க வெளிச்சம் விழும் நேரத்தில் எடுத்த படத்தில், ஒரே ஒரு கட்ஆஃபில், இரண்டே நிறத்தில்.

மற்ற மென்பொருள்கள் பற்றிச் சுருக்கமாக. இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் டிரேஸில் பாத்ஸ், கார்னர்ஸ், நாய்ஸ் மூன்றும்தான் முக்கியம். 6 கலர் பிரீசெட்டில் தொடங்கி நாய்ஸை ஏற்றிக்கொண்டே போகலாம், கடைசியில் எக்ஸ்பாண்ட் கொடுக்காவிட்டால் நோடைத் தொட முடியாது. கோரல்டிராவின் பவர்டிரேஸ் நோடு, கலர் எண்ணிக்கையை அங்கேயே காட்டுவதும், அருகருகே இருக்கும் நிறங்களை அங்கேயே ஒன்றாக்கலாம் என்பதும் பெரிய வசதி. பிரஸ்ஸில் கோரல் ஃபைல் கேட்டால் அதிலேயே முடிப்பது நல்லது. பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஜிம்ப்பும் இன்க்ஸ்கேப்பும் போதும், குறையென்று சொல்ல இந்த வேலையில் ஒன்றுமில்லை. இன்க்ஸ்கேப் ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) வேலை செய்வதால் அச்சுக்குப் போகும்முன் சிஎம்ஒய்கேவுக்கு வேறு இடத்தில் மாற்றி, பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஐ கருவிகள் தருவது பெரும்பாலும் பிக்சல் படம்தான், முகச்சாயலும் நழுவுகிறது. அஞ்சலி போஸ்டருக்கு அதை நாங்கள் தொடுவதில்லை.

படம் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தொடங்கும்முன்பே கேட்டுவிடுங்கள். ஃபிளெக்ஸ் என்றால் வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியே இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடையில் மயிரிழை வெள்ளைக்கோடு தெரியும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், செலவு அதன்படி. கறுப்பு டி-ஷர்ட்டில் துணியையே ஆழ்ந்த நிழலாக விட்டால் ஒரு ஸ்கிரீன் மிச்சம். கலர்கள் சேரும் இடத்தில் 0.3 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வையுங்கள், இல்லாவிட்டால் துணி நகரும்போது இடைவெளி விழும். ஆட்டோ கண்ணாடியில் வெள்ளை ஸ்டிக்கர் என்றால் வெளிச்சப் பகுதிதான் ஸ்டிக்கராக வெட்டப்பட வேண்டும். டிரேஸில் இன்வர்ட் போட மறந்தால் தலைமுடி வெள்ளையாக, முகம் இருட்டாக, பழைய ஃபிலிம் நெகட்டிவ் போல ஒட்டப்பட்டு நிற்கும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் இயந்திரத்தின் கத்தி கோடு கண்ட இடமெல்லாம் வெட்டும் என்பதால், ஒரே நிறத் துண்டுகளை யூனியன் செய்து, கோடுகளை ஸ்ட்ரோக் டு பாத் மாற்றி, 2 மி.மீ.க்குக் குறைந்த துண்டுகளை அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வேண்டாத வினைலை உரிக்கும்போது அந்தப் பொடித் துண்டுகள் கூடவே வந்துவிடும்.

தமிழ் எழுத்து இருந்தால் இன்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்தி பாத் (வெறும் வடிவம்) ஆக்குங்கள். எதிர்ப்பக்கக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் கொம்பும் காலும் சிதறிப்போகும். எஸ்விஜி என்ற வெக்டார் ஃபைல் ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவு மாறிவிடுவதும் உண்டு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு ஒவ்வொன்றிலும் வேறு. இன்க்ஸ்கேப்பே 2017ல் வந்த 0.92 பதிப்பில் 90ல் இருந்து 96க்கு மாறியது. ஓவியத்தின் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வைத்து அனுப்புங்கள். திறந்தவுடன் அதை அளந்து, சரியாக 100 இருந்தால் மட்டும் சதுரத்தை அழித்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம்.