விட்சண்டேஸ்ல படகு வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டுறது: முழு ரிவ்யூ, நங்கூரம் போட நல்ல இடங்களோட

ஆஸ்திரேலியால இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் விட்சண்டேஸ் தீவுகள பாத்திருப்பீங்க, ஆனா பெரும்பாலும் கரையில இருக்குற ஏர்லி பீச் ஊர்ல ரூம் போட்டு ஒரு நாள் டூர் படகுல ஒயிட்ஹேவன் பீச் போயி ஃபோட்டோ எடுத்துட்டு சாயங்காலம் திரும்பி வந்துடுவோம். நாங்க ரெண்டு குடும்பம் சேந்து இந்த தடவை கட்டமரான் (ரெண்டு உடல் உள்ள படகு) ஒண்ணு வாடகைக்கு எடுத்து, கேப்டன் யாரும் இல்லாம நாங்களே ஓட்டி, ராத்திரி ஒவ்வொரு குடாவுல நங்கூரம் போட்டு படகுலயே தூங்கினோம். இதுக்கு அங்க பேர்போட்னு சொல்றாங்க, குயின்ஸ்லாந்துல இப்படி வாடகைக்கு எடுக்க போட் லைசன்ஸ் தேவையில்ல, கம்பெனிக்காரங்க அரை நாள் உக்கார வச்சு சொல்லிக் குடுத்து, நம்மள ஓட்ட வச்சு பாத்து, திருப்தி ஆனாதான் அனுப்புவாங்க. என் மார்க் அஞ்சுக்கு நாலு. கம்பெனி பேர் வேண்டாம், குறைகளும் சொல்லப் போறேன், அதோட ஏர்லி பீச்ல இந்த சர்வீஸ் தர்ற கம்பெனி நிறைய இருக்கு.

பிளான் பண்றவங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறது ஒண்ணுதான். எந்த பீச் பாக்கணும்னு லிஸ்ட் போட்டு அத வரிசையா நாள் பிரிச்சு வைக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி காத்து எந்தப் பக்கம், எவ்ளோ வேகம், கடல் ஏத்தம் வத்தம் எத்தனை மணிக்குனு பாத்து தூங்குற இடத்த முதல்ல முடிவு பண்ணுங்க, பகல்ல எங்க நிக்கிறதுங்கிறது அதுல இருந்து தானா வந்துடும். மொத்தம் 74 தீவு இருக்கு, ஒரு குடா சரி இல்லன்னா பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும், அதனாலதான் புதுசா ஓட்டுறவங்களுக்கு இந்த கடல் இவ்ளோ நல்லா பொருந்துது.

காத்து விஷயம் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். அங்க குளிர்கால மாசங்கள்ல பெரும்பாலும் தென்கிழக்குக் காத்துதான், சில நாள் நல்லாவே வீசும். செப்டம்பர் தாண்டி வேகம் குறைஞ்சு மதியத்துக்கு மேல வடகிழக்குல இருந்தும் வர ஆரம்பிக்கும். தென்கிழக்கு காத்துக்கு ஹூக் தீவோட வடக்குப் பக்கம் அருமை, பட்டர்ஃபிளை பே, மௌரீன்ஸ் கோவ் ரெண்டும் அந்தப் பக்கம்தான், தண்ணி அமைதியா இருக்கும், இறங்கி ஸ்நார்க்கலிங் பண்ணலாம். ஆனா காத்து ரொம்ப பலமானா மலை மேல இருந்து திடீர் திடீர்னு கீழ பாஞ்சு அடிக்கும், படகு அப்படியே ஒரு பக்கமா இழுத்துட்டுப் போய் நிக்கும், அதுக்கு தயாரா இருக்கணும். அதே இடம் வடக்குக் காத்துல சுத்தமா ஆகாது, அப்போ விட்சண்டே தீவோட தெற்குப் பக்கம் சான்ஸ் பே மாதிரி இடத்துக்குப் போயிடணும். வானிலை மையத்தோட மெக்கே கோஸ்ட் பகுதிக்கான கடல் அறிக்கைய காலையும் சாயங்காலமும் பாருங்க. அதுல போட்டிருக்கிறது சராசரி வேகம், திடீர் வீச்சு அதவிட 40 சதவீதம் வரை கூட இருக்கலாம்னு அவங்களே எழுதியிருப்பாங்க, 20 நாட்ஸ்னு (ஒரு நாட் மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) பாத்தா 28 வரலாம்னு எடுத்துக்கோங்க.

ஏத்தம் வத்தம் அதவிட முக்கியம். பெரிய டைடு நாள்ல தண்ணி மட்டம் மூணு மீட்டருக்கு மேலயே ஏறி இறங்குது. வத்தத்துல 6 மீட்டர் ஆழம் இருக்குற இடம் ஏத்தத்துல 9 ஆயிடும், அதனால நங்கூரச் சங்கிலி கணக்க எப்பவும் ஏத்தத்துக்குதான் போடணும், ஆழத்தோட அஞ்சு மடங்கு வச்சா 45 மீட்டர், நிறைய பேர் நிக்கும்போது இருக்குற ஆழத்த பாத்து 30 மீட்டர் விட்டுட்டு தூங்கப் போயிடுவாங்க, ராத்திரி படகு நகர ஆரம்பிக்கிறது அங்கதான். இன்னொண்ணு, இந்தப் பகுதில ஏத்தம் தெற்கு நோக்கி ஓடும், வத்தம் வடக்கு நோக்கி ஓடும். தென்கிழக்கு காத்து அடிக்கும்போது ஏத்தம் ஓடினா காத்தும் நீரோட்டமும் நேருக்கு நேர் மோதி அலை செங்குத்தா எழும்பும், குழந்தைங்க வாந்தி எடுக்கிறது உறுதி. அதே பயணத்த வத்தத்துல பண்ணினா எவ்ளோ சுகமா இருக்குன்னு நம்பவே மாட்டீங்க. தீவுகளுக்கு நடுவுல இருக்குற ஹூக் பாசேஜ், சால்வே பாசேஜ் ரெண்டு இடமும் குறுகல், நீரோட்டம் வேகமா ஓடும், நேரம் பாக்காம அதுக்குள்ள போகவே கூடாது. கம்பெனி பிரீஃபிங்ல இதெல்லாம் வேகமா ஓட்டிட்டாங்க, டைடு டேபிள் புக்க கையில குடுத்து இதுல எல்லாம் இருக்குன்னு முடிச்சாங்க, என் ஒரு மார்க் போனது இதுக்குதான். நீங்க போனா விடாம கேளுங்க, சார்ட்ட (கடல் வரைபடம்) விரிச்சு வச்சு ஒவ்வொரு பாசேஜுக்கும் நேரம் குறிச்சு வாங்குங்க.

முதல் ராத்திரிக்கு என் சாய்ஸ் நாரா இன்லெட். ஹூக் தீவுக்குள்ள நீளமா உள்ள போற குடா, ரெண்டு பக்கமும் மலை, ஏர்லில இருந்து காத்து ஒத்துழைச்சா மூணு மணி நேரம் பக்கம் ஆகும். அங்க கரையில இறங்கி கொஞ்சம் மேல ஏறினா ங்காரோ மக்களோட குகை ஓவியம் இருக்கு. இந்தத் தீவுக்கூட்டத்துல தலைமுறை தலைமுறையா மரப்பட்டைப் படகுல சுத்தி வந்து கடலையே நம்பி வாழ்ந்த மக்கள் அவங்க, ஆயிரக்கணக்கான வருஷ வரலாறு. ஓவியத்துக்கு முன்னாடி தடுப்பு போட்டிருக்காங்க, தொட முடியாது. எல்லாரும் ஸ்நார்க்கலிங்குக்கு ஓடுறாங்க, இங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, பசங்களுக்கு கண்டிப்பா காட்டணும்.

விட்சண்டே தீவோட மேற்குப் பக்கம் இருக்குற சிட் ஹார்பர் தூங்குறதுக்கு நல்ல இடம், விசாலமா நிறைய படகு நிக்கலாம், ஆனா தண்ணில இறங்கவே கூடாது. 2018ல அங்க சுறா தாக்கி ரெண்டு பேருக்கு பலத்த காயம், அதே வருஷம் நவம்பர்ல ஒருத்தர் இறந்தே போயிட்டார். படகு ஓரத்துல சும்மா கால் நனைக்கிறேன்னு கூட வேண்டாம், மீன் கழிவு சாப்பாட்டு மிச்சம் எதுவும் கொட்டாதீங்க. கரையில சாமில் பீச்ல இருந்து விட்சண்டே பீக் ஏற வழி இருக்கு, 400 மீட்டருக்கு மேல உயரம், தண்ணி பாட்டில் நிறைய எடுத்துட்டு காலையிலயே கிளம்பினா மேல நின்னு சுத்தியும் எல்லா தீவையும் பாக்கலாம்.

ஒயிட்ஹேவன் பத்தி எல்லாருக்கும் தெரியும், 7 கிலோமீட்டர் நீளம், 98 சதவீதம் சிலிக்கா மணல், வெயில்ல கூட கால் சுடாது. படகுல போறவங்களுக்கு அங்க கிடைக்கிற பெரிய லாபம் நேரம். டூர் படகுங்க வர்றதுக்கு முன்னாடி காலையிலயும் அவங்க போன பிறகு சாயங்காலமும் பீச் கிட்டத்தட்ட காலி. தென்கிழக்கு லேசா இருந்தா தெற்கு முனையில ராத்திரி நிக்கலாம், ஆனா அலை சுத்திக்கிட்டு உள்ள வந்து படகு ஆடிட்டேதான் இருக்கும், கட்டமரான்னா பரவாயில்ல, ஒத்தை உடல் படகுல தூக்கம் கஷ்டம். ஹில் இன்லெட்ட மேல இருந்து பாக்க டங் பேல நிறுத்திட்டு டிங்கில (கூட வர்ற சின்ன படகு) கரைக்குப் போயி வியூபாயிண்ட் ஏறணும். மணலும் தண்ணியும் கலந்து சுழிக்கிற அழகு வத்தத்தையொட்டிதான் நல்லா தெரியும், ஆனா முழு வத்தத்துல டிங்கிய கரை சேக்கிறது சிரமம், அதனால தண்ணி இறங்கிட்டு இருக்கும்போதே போயி பாத்துட்டு டிங்கி தரை தட்டுறதுக்குள்ள திரும்பிடுங்க. அந்தக் குடால ஆமை நிறைய, மெதுவா ஓட்டுங்க.

லாங்ஃபோர்ட் தீவு மணல் திட்டு பகல் சாப்பாட்டுக்கு சூப்பர். ஹேமன் தீவு பக்கம் ப்ளூ பேர்ல் பே ஸ்நார்க்கலிங் நல்லா இருந்துச்சு, 2017ல வந்த டெபி புயல் இந்தப் பக்கத்து பவளப்பாறைய நிறையவே அடிச்சுட்டுப் போச்சு, மறுபடி வளந்துட்டு வர்றத பாக்குறப்ப மனசுக்கு நிறைவா இருக்கு. பவளத்த காப்பாத்ததான் அது இருக்குற குடாக்கள்ல மிதவை போட்டு எல்லை குறிச்சிருக்காங்க, அதுக்கு உள்பக்கம் நங்கூரம் போடக் கூடாது. தயவு செஞ்சு இத மதிங்க, ஒரு சங்கிலி இழுத்தா பல வருஷ வளர்ச்சி போச்சு. பல இடத்துல பொது மூரிங் (படகக் கட்டி வைக்கிற மிதவை) இருக்கு, காசு இல்ல, பகல்ல ரெண்டு மணி நேரம் வரை கட்டிக்கலாம், எவ்ளோ நீள படகு, எவ்ளோ காத்து வரை தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கும், படிச்சுட்டு கட்டுங்க.

நடுவுல ஒரு ராத்திரி ஹாமில்டன் தீவு மரினால நின்னோம். காசு அதிகம், முன்கூட்டியே புக் பண்ணணும், ஆனா தண்ணி நிரப்பி, ஷோர் பவர் (கரையில இருந்து வர்ற கரண்ட்) போட்டு, எல்லாரும் நல்லா குளிச்சு, பேக்கரி சூப்பர்மார்க்கெட் எல்லாம் நடந்து போற தூரத்துல இருக்கிறதால குடும்பத்தோட போறவங்களுக்கு இது தேவைதான்.

சாப்பாடு: ஏர்லி பீச் பக்கத்துல கேனன்வேல்ல கோல்ஸ், வூல்வொர்த்ஸ் ரெண்டும் இருக்கு, ஆனா நம்ம பொடி, புளி, அப்பளம் எல்லாம் வீட்ல இருந்தே கொண்டு போயிடுங்க. புளியோதரை, லெமன் சாதம், சப்பாத்தி இதெல்லாம் படகுக்கு ரொம்ப வசதி, காலையில கிளம்புறதுக்கு முன்னாடியே செஞ்சு வச்சுடலாம், ஆடுற படகுல கொதிக்கிற எண்ணெய் வேண்டவே வேண்டாம். பாத்திரம் கழுவவும் குளிக்கவும் டேங்க்ல இருக்குற தண்ணிதான், அளந்து செலவு பண்ணுங்க. ஃபிரிட்ஜ்தான் எங்க படகுல பெரிய தலைவலி, இன்ஜின் ஓடாத நேரத்துல கூலிங் நிக்கல, தயிரும் தோசை மாவும் புளிச்சுப் போச்சு. ரேடியோல சொன்னதும் கம்பெனிக்காரங்க பொறுமையா என்ன பண்ணணும்னு சொன்னாங்க, ஓரளவு சரியாச்சு. தினம் காலையும் சாயங்காலமும் ரேடியோல கூப்பிட்டு எங்க இருக்கீங்க, நாளைக்கு எங்கன்னு கேக்குறாங்க, முதல் தடவை போறவங்களுக்கு அது எவ்ளோ தைரியம் தருதுன்னு அனுபவிச்சாதான் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள நங்கூரம் போட்டாகணும், 25 நாட்ஸுக்கு மேல காத்துன்னா பாய் விரிக்கக் கூடாதுன்னு ரூல் வச்சிருந்தாங்க, ரெண்டுமே நியாயமான ரூல்.

பாய்மரம் தொட்டதே இல்லன்னா முதல் நாளுக்கு செய்ல் கைடு (கூட வந்து சொல்லிக் குடுக்குறவர்) ஒருத்தர கூட வச்சுக்கோங்க, அந்தக் காசு வீண் போகாது. மாசம் கேட்டா செப்டம்பர்: காத்து அளவா இருக்கும், ஹம்ப்பேக் திமிங்கலம் குட்டியோட சுத்தும், இந்தப் பகுதில அதுக்கு 300 மீட்டர் தள்ளி நிக்கணும்னு சட்டம் இருக்கு. நவம்பர்ல இருந்து மே வரை கொட்டுற ஜெல்லிமீன் சீசன், ஸ்டிங்கர் சூட் (உடம்ப மூடுற நீச்சல் உடுப்பு) இல்லாம யாரையும் தண்ணில விடாதீங்க. பள்ளி லீவுல போறதா இருந்தா படகும் ஹாமில்டன் மரினாவும் ரெண்டையும் ஒரே நேரத்துல புக் பண்ணுங்க, ஒண்ணு கிடைச்சு இன்னொண்ணு கிடைக்கலன்னா நாளையெல்லாம் மாத்த வேண்டியிருக்கும்.