வெள்ளவத்தையில் ஒரு மாலை வகுப்பு: சீர்திருத்தவாதிகளும் மிசனரிப் பணியும்

வெள்ளவத்தையில் ஒரு தேவாலய மண்டபத்தில் தமிழில் நடைபெறும் திருச்சபை வரலாற்று வகுப்பில், 16ஆம் நூற்றாண்டின் புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதிகளான லூத்தரும் கல்வினும் புறநாட்டு மிசனரிப் பணியை எவ்வாறு நோக்கினார்கள் என்ற பகுதியை மாத்திரம் இங்கே மதிப்பிடுகிறேன். கொழும்பில் இவ்விடயத்தைத் தமிழில் இத்தனை பொறுப்போடு கற்பிப்பவர்கள் அரிது. ஆகவே இதன் நிறைகுறைகளைப் பதிவுசெய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

விரிவுரையாளர் சீர்திருத்தவாதிகளிடமிருந்து அல்ல, அவர்களுக்குத் தீர்ப்பு எழுதியவர்களிடமிருந்து தொடங்குகிறார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மன் அறிஞர் குஸ்தாவ் வார்னெக், அவர்களிடம் மிசனரிச் செயற்பாடு மட்டுமன்றி, இன்று நாம் கொள்ளும் பொருளில் அந்த எண்ணமே இருக்கவில்லை என்றும், அதற்கு அவர்களுடைய இறையியலே பெருந்தடையாக நின்றது என்றும் எழுதினார். அவர்கள் பணியாளரை அனுப்பாததற்கு நடைமுறைக் காரணங்களாக, கடல்வழிகள் ஸ்பெயின், போர்த்துக்கல் கைகளில் இருந்தமையும், மடங்கள் ஒழிக்கப்பட்டதோடு பணியாளரை அனுப்பும் அமைப்பே இல்லாமற்போனமையும் வகுப்பில் விரிவாக விளக்கப்பட்டன. பிற்காலச் சபைகளின் மிசனரிச் சங்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு 16ஆம் நூற்றாண்டை அளப்பது முறையா என்று 1991இல் தென்னாபிரிக்க இறையியலாளர் டேவிட் பொஷ் எழுப்பிய ஆட்சேபம் அதன் பின்னர் வந்தது. அந்த ஆட்சேபமே வலுவானது என்பது என் கருத்து.

மிகவும் பயனளித்தது, 117ஆம் சங்கீதத்துக்கு லூத்தர் 1530இல் எழுதிய விளக்கத்தை எங்கள் கையில் தந்து வாசிக்கச் செய்தமையாகும். சகல தேசத்தாரும் தேவனைத் துதிக்க வேண்டுமானால் அவர்கள் முதலில் வசனத்தைக் கேட்டாக வேண்டும் என்று அவர் வாதிடும் இடத்தில், வார்னெக்கின் முடிவு எவ்வளவு கடுமையானது என்பது தானாகவே தெரிகிறது. எனினும் எண்ணம் இருந்தது என்பதற்கு அது சான்றாகுமே தவிர, ஏற்பாடு இருந்தது என்பதற்கு ஆகாது. இந்த வேறுபாட்டை விரிவுரையாளர் மழுப்பவில்லை.

குறைகளும் உண்டு. ஜெனீவாவிலிருந்து 1556இல் பிறேசிலுக்குப் புறப்பட்ட போதகர்களின் கதை, கல்வின்மீதான குற்றச்சாட்டுக்கு நேரடி மறுமொழியாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அது சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. சகல தேசத்தாருக்கும் போதிக்கும்படி அப்போஸ்தலருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை பிற்காலச் சபையையும் கட்டுப்படுத்தும் என்று 1590இல் வாதிட்ட இறையியலாளர் சராவியாவுக்கும், அவரை மறுத்த, ஜெனீவாவில் கல்வினின் வாரிசான பேசாவுக்கும் கையேட்டில் ஒரே ஒரு வரிதான். மண்டபத்தின் எதிரொலியால் பின்வரிசையில் இருப்போருக்குப் பெயர்கள் தெளிவாகக் கேட்பதில்லை.

எனக்குப் பெரிதாகப்படும் குறை வேறு. கல்வினின் வழிவந்த ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றி, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளத்தில் போதகர்களை அமர்த்தினார்கள். இறையியல்தான் தடை என்றால் அவர்களுள் ஒருவரான போதகர் பல்டேயஸ் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய பணியை எப்படி விளங்கிக்கொள்வது? கப்பலும் அதிகாரமும் கிடைத்ததும் பணி தொடங்கியது என்றால், அதிகாரத்தோடு வந்த அந்தப் பணியை எப்படி மதிப்பிடுவது? இவ்விரு கேள்விகளுக்கும் ஒரு தனி அமர்வு வேண்டும். அதை, கொழும்பில் ஒல்லாந்தர் கட்டி 1757இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்துக்கு மாணவரை அழைத்துச் சென்று நடத்தினால் இன்னும் நல்லது.