மூக்கில் விடும் சொட்டு மருந்து வாங்கினால் அட்டைப்பெட்டியோடு வாங்குங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். துணியை விரித்து மெஷின் ஓட்டினால் பஞ்சு பறக்கும். மூக்கடைப்பு எங்களுக்குப் புதிதில்லை. போன வருடம் ஐப்பசி மழையில் சளி பிடித்து, ராத்திரி கண்ணே மூட முடியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் மெடிக்கலில் சொன்னேன். கடைத் தம்பி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார், அட்டைப்பெட்டியைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார், பாட்டிலை மட்டும் கையில் கொடுத்தார். "அடைச்சா ரெண்டு சொட்டு விடுங்ணா, அவ்வளவுதான்."

எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிட்டது. சளியும் ஒரு வாரத்தில் போய்விட்டது. அடைப்பு மட்டும் போகவில்லை. முதலில் படுக்கும்போது விட்டேன், அப்புறம் காலையிலும், தை பிறப்பதற்குள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பாக்கெட்டில் ஒரு பாட்டில், தலையணைக்கு அடியில் ஒன்று. ஒரே ஒரு தடவை மறந்தேன். மதுரைக்குக் குடும்பத்தோடு போகும்போது பஸ் தாராபுரத்தில் நின்றதும் பாக்கெட்டைத் தடவினால் காலி. பெண்டாட்டி பிள்ளையை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு மெடிக்கல் தேடி ஓடினேன். திரும்பி வரும்போது கண்டக்டர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கடையில் சொல்லாமல் இல்லை. "தம்பி, விட்டா திறக்குது, விடலைன்னா முன்னைவிட மோசமா அடைக்குது" என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். "உங்களுக்குத் தூசி ஒத்துக்கலைங்ணா. கூடவே இந்தச் சளி மாத்திரையும் போடுங்க" என்றார். அடுத்த மாதம், "நாலு நாலா எதுக்கு வாங்குறீங்க? பத்தா எடுத்தா பத்து பர்சென்ட் கம்மி." எடுத்தேன். தள்ளுபடி என்றால் நமக்கு எங்கே புத்தி வேலை செய்கிறது?

ஆவணியில் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. பிரஷர் 160/100 இருக்கிறது, ரத்தம் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயது 34. "ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டதற்கு இல்லை என்றேன். சொட்டு மருந்தை நான் மருந்துக் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை.

பிரஷருக்குப் பார்த்த டாக்டர், நான் பேசும் குரலைக் கேட்டே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாக்கெட்ல இருக்கறத எடுத்து மேஜை மேல வைங்க" என்றார். வைத்தேன். "சளி போய்ப் பல மாசமாச்சு. இப்ப அடைக்கிறது இதுதான்."

அவர் விளக்கியது இது. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகைச் சொட்டுகள் மூக்குக்குள் இருக்கும் சதையின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும்; சதை வற்றி, வழி திறக்கும். நாள் கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால், வேகம் இறங்கியதும் சதை பழையபடி வீங்கும், முன்னைவிட அதிகமாகவும் வீங்கும். அதை அடக்க மறுபடி சொட்டு. இதற்கு ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று பெயரே இருக்கிறது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளோடு நிறுத்தியிருக்க வேண்டிய மருந்தை நான் பத்து மாதம் விட்டிருக்கிறேன்.

மாத்திரையில் இருந்தது பினைல்எஃப்ரின். வாய்வழியாக எடுக்கும் பினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் தருவதில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அமைத்த ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பிரஷர் இருப்பவர்கள் இந்த மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாதாம். என் பிரஷருக்குச் சொட்டு மட்டும்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. மாத்திரையும் கெட்டுப்போன தூக்கமும் சேர்ந்திருக்கலாம் என்றார்.

சொட்டிலிருந்து நான் விடுபட்ட கதைதான் பெரிய கதை. தினமும் மூக்கில் அடிக்கும் புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அது சொட்டு மாதிரி உடனே திறக்காது, பலன் தெரியவே பல நாள் ஆகும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்புக்கரைசல் செய்து மூக்கைக் கழுவ வேண்டும். சொட்டை முதலில் வலது பக்கம் மட்டும் நிறுத்தச் சொன்னார். இடது பக்கம் மூச்சுவிட்டுக்கொண்டு வலது பக்கத்தோடு சண்டை போட்டேன். மூன்றாம் ராத்திரி படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே விடிந்தது. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பத்தாம் நாள் வலது பக்கம் தானாகவே திறந்தது. அப்புறம் இடது. ஒரு மாதம் கழித்துப் பிரஷர் 134/86.

போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். "ரொம்ப நாளா காணோமுங்ணா" என்றபடியே தம்பியின் கை அந்த அலமாரிக்குப் போனது. வேண்டாம் என்றேன். இத்தனை மாதம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "கேக்கறாங்க, குடுக்கறோம்ங்ணா."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து மூக்கடைப்பு என்றார். அதே அலமாரி, அதே பாட்டில். பெட்டி கூடைக்குப் போனது. "அக்கா, அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குங்க, உள்ளே ஒரு தாள் இருக்கும், எத்தனை நாள் விடலாம்னு அதுல பாருங்க" என்றேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.